சோபா பார்க்க வந்தவர்கள்

பதினொன்றாம் வகுப்பில் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர். வாயாடி என்பதால் வைத்ததல்ல. மதியம் நெருங்கினால் அவள் வயிறு ஒலிபரப்பைத் தொடங்கிவிடும். கணக்கு வாத்தியார் ஒருநாள் போர்டில் எழுதுவதை நிறுத்திவிட்டு, "யாருப்பா மோட்டார் போட்டது?" என்று கேட்டார். வகுப்பே உருண்டு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். வயிற்றை மட்டும் தனியாக வெளியே அனுப்ப முடியுமா என்ன?

அப்பா வேலை பார்த்த டயர் ஆலையை மூடியதிலிருந்து வீட்டில் சோற்றுப்பானை சிறுத்துவிட்டது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்யும் அம்மா, சாயங்காலம் வந்ததும், "அங்கயே சாப்டுட்டேன், எனக்கு வேணாம்" என்பாள். "எனக்கும் வேணாம். கிளாஸ்ல ஒருத்திக்குப் பிறந்தநாள், ஒரே தீனி" என்பாள் மகள். அந்த வகுப்பில் தினமும் யாராவது பிறந்துகொண்டே இருந்தார்கள். தம்பி எல்லார் பங்கையும் வழித்துத் தின்றுவிட்டு ஏப்பம் விடுவான்.

பள்ளியில் இலவசச் சாப்பாடு உண்டு. ஆனால் அதற்குத் தனி வரிசை, கேண்டீனின் நட்டநடுவில். அதில் போய் நிற்பதற்குப் பட்டினியே மேல் என்று ரேடியோ இருந்துவிட்டாள்.

அப்போதுதான் பெரிய தெருவில் ஒரு சோபாக் கடை திறந்தார்கள். வருகிறவர்களுக்குக் கேக் இலவசம். பள்ளி விட்டதும் ரேடியோ முகத்தைக் கழுவி, சொந்த வீட்டுக்காரி மாதிரி நடையை மாற்றிக்கொண்டு உள்ளே போனாள். இரண்டாவது துண்டுக்குக் கையை நீட்டினால், எதிர்ப்பக்கத்திலிருந்து அதே துண்டுக்கு இன்னொரு கை வந்தது. சோப்புத் தண்ணீரில் ஊறி வெடித்த விரல்கள்.

அம்மா. இரண்டு கன்னமும் உப்பியிருந்தன.

"நீ எங்கடி இங்க?" என்றாள். கேக் தூள் பறந்தது.

"சோபா பாக்க வந்தேன். நீ?"

"நானும்... சோபாதான்."

டை கட்டிய விற்பனையாளர் அதற்குள் ஓடி வந்தார். "உக்காந்து பாருங்க மேடம், அசல் தோல்!" வேறு வழியில்லாமல் இருவரும் உட்கார்ந்தார்கள். கலர் அட்டை எடுத்துவர அவர் உள்ளே போனார்.

"ஆஸ்பத்திரில சாப்டறேன்னு சொன்னியே?"

"அங்க நோயாளிக்கே கஞ்சிதான், எனக்கு யாரு போடுவா? நீ மட்டும் யோக்கியமா? ஸ்கூல்லதான் மத்தியானம் சோறு போடறாங்களே!"

"அந்த வரிசைல நின்னா மானம் போயிடும்மா."

அம்மா வாயிலிருந்ததை விழுங்கினாள். "ஊரான் சோபாவுல உக்காந்து ஓசி கேக் திங்கறோம். நம்ம மானம் எப்பவோ பஸ் ஏறிப் போயிடுச்சுடி."

முதலில் அம்மாதான் சிரித்தாள். அப்புறம் இருவராலும் நிறுத்த முடியவில்லை. விற்பனையாளர் அட்டையோடு திரும்பியபோது, "வீட்டுல கேட்டுட்டு வரோம்" என்று கிளம்பினார்கள்.

மறுநாள் ரேடியோ காது சிவக்க அந்த வரிசையில் நின்றாள். முன்னால் நின்ற உயரமான பையன், பள்ளிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர், திரும்பிப் பார்த்தான். "புதுசா? முட்டை போடற அன்னிக்குச் சீக்கிரம் வந்துடு. கடைசில நின்னா வெறும் குழம்புதான்." அவ்வளவுதான், திரும்பிக்கொண்டான். அவள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள்.

அன்று இரவு அம்மா பானையை நடுவில் வைத்துச் சோற்றை நாலு தட்டில் சமமாகப் போட்டாள். "எனக்கு மட்டும் ஏன் கொறச்சல்?" என்று தம்பி குதித்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை. தட்டுகளை மாறி மாறிப் பார்த்த அப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. தன் தட்டை மெல்ல மகள் பக்கம் நகர்த்தினார்.

"பசியில்லன்னு எவராவது வாயத் தொறந்தீங்க..." என்று அம்மா கரண்டியை ஓங்கினாள்.

அப்பா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார்.