பட்டிமன்றத்தில் தூங்கிப்போனவள்

ஓசூர்க் கல்யாண மண்டபத்தில் நடந்த பொங்கல் விழாவுக்குத் தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்று நாராயணம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. மேடையில் வந்து உட்கார்ந்தால் போதும், பேச வேண்டாம் என்று அவர்கள் வழக்கைப் பார்க்கும் வக்கீல் ஸ்ரீராம் போனில் சொன்னார். பட்டிமன்றத் தலைப்பு என்னவென்று மகள் நிர்மலாதான் கேட்டுச் சொன்னாள்: தூக்குத் தண்டனை தேவையா, தேவையில்லையா.

குருபரப்பள்ளியில் நெடுஞ்சாலை ஓரமாக அவர்களுக்கு ஒரு சாப்பாட்டுக் கடை இருந்தது. நிர்மலாவின் கல்யாணத்துக்குச் செய்து வைத்த நகைக்கு ஆசைப்பட்டு, அங்கே புரோட்டா போட்டுக்கொண்டிருந்த மாதேஸ்வரன், ஒரு மத்தியானம் நாராயணம்மாவின் புருஷனையும் மகன் பாலாஜியையும் வெட்டிப்போட்டான். அவள் கையால் சோறு தின்றவன். அவள் அன்றைக்கு ஒரு சாவுக்குப் போச்சம்பள்ளி போயிருந்ததால் தப்பினாள்.

கிருஷ்ணகிரி கோர்ட்டில் அவனுக்குத் தூக்கு விழுந்தபோது ஊரில் வெடி வெடித்தார்கள். அன்றோடு தீர்ந்தது என்று நாராயணம்மா நினைத்தாள். தூக்கு என்றால் ஐகோர்ட் ஒத்துக்கொள்ள வேண்டும், அதற்கு மேலும் கோர்ட் உண்டு, அதற்கப்புறம் கருணை மனு உண்டு என்பதெல்லாம் பிறகுதான் தெரிந்தது. வாய்தா வாய்தாவாக இழுத்தது. நிர்மலா விடாமல் அவளைச் சென்னைக்குக் கூட்டிப்போனாள். வக்கீல்கள் இங்கிலீஷில்தான் வாதாடுவார்கள். ஆனால் பேச்சுக்கு நடுவில் ஒருவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினால் எதைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரிந்துவிடும். ஊர் திரும்பியபின் நாலைந்து நாளைக்குச் சோறு இறங்காது.

கடையை மூடிவிட்டு ஒரு கம்பெனியில் வயர் கோக்கும் வேலைக்குப் போனாள். விழா அன்றும் முதல் ஷிப்ட். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறியவள், சாயங்காலம் யூனிபார்ம் மேலேயே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு நேராக மண்டபத்துக்கு வந்தாள். மேடையில் மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார வைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள்.

தூக்கு வேண்டும் என்ற அணிக்கு ஸ்ரீராம் தலைவர். பயம் இருந்தால்தான் கத்தியை எடுக்கிறவன் கை நடுங்கும் என்றார். இந்தத் தாயின் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள் என்று இவள் பக்கம் கையை நீட்டினார். கைதட்டல் ஓயவில்லை. எதிரணியில் கல்லூரி ஆசிரியை ஜெயப்ரியா. தப்பான ஆளைத் தூக்கில் போட்டுவிட்டால் உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியுமா, தூக்குமேடை வரைக்கும் போகிறவனெல்லாம் ஏன் நல்ல வக்கீல் வைக்க முடியாத ஏழையாகவே இருக்கிறான் என்று கேட்டாள். அதற்கும் தட்டினார்கள். நடுவே நடுவர் மாமியார் மருமகள் ஜோக் ஒன்று சொன்னார்.

நாராயணம்மாவுக்கு அந்தச் சிரிப்புச் சத்தம் வரைக்கும்தான் நினைவிருந்தது. மேலே விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. இடுப்புக்குக் கீழே மெத்தென்று இருந்தது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிப்போனாள். முன்வரிசையில் இரண்டு பேர் செல்போனைத் தூக்கினார்கள். நிர்மலா கீழேயிருந்து கை காட்டியும் பலனில்லை. தீர்ப்புக்கு எழுந்த பெரும் கைதட்டலில் விழித்தவள், எதற்கென்று தெரியாமல் தானும் தட்டினாள்.

நிர்மலா கிருஷ்ணகிரி பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சொன்னாள்.

"அப்பனும் தம்பியும் செத்ததைப் பத்திப் பேசறாங்க, நீ தூங்கற. என் மானமே போச்சும்மா."

"எந்தப் பக்கம் செயிச்சுது?"

"தூக்கு வேணுங்கற பக்கம்."

"சரி" என்றாள் நாராயணம்மா.

அந்தச் சரியில் சந்தோஷமும் இல்லை, வருத்தமும் இல்லை. அதுதான் நிர்மலாவைச் சுட்டது. அவனை மன்னிச்சுட்டியா என்று கேட்டாள்.

நாராயணம்மா சால்வையை மடித்து மடியில் வைத்தாள்.

"மன்னிப்பா? நாளைக்கே அவனைத் தூக்குல போட்டாலும் என் கண்ணுல ஒரு சொட்டு வராது. ஆனா அவன் உசுரு போறதுக்கு நான் காத்துக்கிட்டே கெடக்கணுமே கண்ணு, அது முடியலை. காலையில எந்திரிச்சா உங்கப்பன் நெனப்பு வரணும், பையன் நெனப்பு வரணும். அவன் நெனப்புதான் வருது."

நிர்மலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சூளகிரி தாண்டியபின் அம்மாவின் கை மேல் கையை வைத்தாள். ஆனால் மனசு மாறவில்லை.

சித்திரையில் ஐகோர்ட் தூக்கை ரத்து செய்து, சாகும்வரை ஜெயில் என்று தீர்ப்பு சொன்னது. ஊரில் நாலு பேர் வீட்டுக்கு வந்து கோர்ட்டைத் திட்டிவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார்கள். நிர்மலா தம்பியின் போட்டோ முன்னால் உட்கார்ந்து அழுதாள். டெல்லிக்கு மேல்முறையீடு போகலாம், வீட்டார் சம்மதம் வேண்டும் என்று ஸ்ரீராம் சொல்லியனுப்பினார்.

"போகணும்மா. விடக் கூடாது" என்றாள் நிர்மலா.

"போ. அப்பனுக்கு மகள் நீ, தடுக்க மாட்டேன். என்னை மட்டும் கூப்பிடாத."

நிர்மலா தனியாகத்தான் வக்கீல் ஆபீசுக்குப் போனாள். வழக்கு டெல்லிக்குப் போனது. இன்னும் அங்கேதான் இருக்கிறது. வாய்தா போட்டால் ஸ்ரீராம் நிர்மலாவுக்குப் போன் செய்வார். அவள் அதை அம்மாவிடம் சொல்வதில்லை, நாராயணம்மாவும் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தால் இருவரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவார்கள், பாலாஜி சின்னதில் செய்த சேட்டைகளைப் பேசுவார்கள். மாதேஸ்வரன் பெயர் மட்டும் அந்த வீட்டில் வருவதில்லை.