சோதனைக்குச் சாட்சி

காலை ஆறரைக்குக் கதவு தட்டப்பட்டபோது ஸினயீதா மர்க்கோவ்னா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் சீருடைக்காரர்கள். எதிர்வீட்டில் சோதனையாம், சாட்சிக்கு ஆள் வேண்டுமாம்.

எதிர்வீட்டு ரொதியோன் லுகிச்சோடு அவள் பேசி ஒன்பது வருஷமாகிறது. நகரப் பத்திரிகையில் இருந்தபோது, சாயத் தொழிற்சாலை வோல்கா ஆற்றில் கழிவை விடுவதை அவர் எழுதினார். பத்திரிகை அவரை வெளியே அனுப்பியது. தொழிற்சாலை ஒரு பிரிவையே மூடியது. அதில்தான் அவள் கணவன் இருந்தான். வேலை தேடி வடக்கே போனவன் இரண்டு கடிதத்தோடு சரி. ரொதியோனோ சொந்தமாக நாலு பக்கப் பத்திரிகை தொடங்கினார். தொழிலாளர் பக்கம் நிற்கிறேன் என்று செங்கொடியோடு தேர்தலில் நின்று நகர மன்றத்துக்கும் போனார். அங்கே போரைக் கண்டித்து மூன்று நிமிடம் பேசியதில் பதவி போயிற்று. பட்டும் திருந்தாத மனுஷன் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

இன்று அவர் வெறும் காலுறையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார்.

"வாங்க ஸினயீதா மர்க்கோவ்னா. உங்களுக்கும் தொந்தரவு."

"உங்களால எனக்கு எப்பத்தான் தொந்தரவு இல்ல?"

ஓர் அதிகாரி சிரித்தார். ரொதியோன் தலையைக் குனிந்துகொண்டார்.

புத்தகங்கள் தரையில் விழுந்தன. மாவு டப்பாவைக் கவிழ்த்தார்கள். இன்னொரு சாட்சியான கீழ்வீட்டுக்காரர் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நடையில் நின்ற ஸினயீதா மட்டும் பார்த்தாள்: அதிகாரிகளில் இளையவன் தன் கோட்டுக்குள்ளிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து, கையுறையைக் கழற்றி வைப்பவனைப் போலச் சாதாரணமாகச் செருப்பு அலமாரிக்குள் வைத்தான். பத்து நிமிடம் கழித்து அவனே அதைக் கண்டுபிடித்தான். ராணுவ அலுவலகத்தைக் கொளுத்தச் சொல்லும் துண்டறிக்கைகள்.

அதிகாரிகளில் பெரியவர் சோதனை அறிக்கையை நீட்டினார். "இங்க ஒரு கையெழுத்தும்மா."

பேனா கைக்கு வந்தது. ஒன்பது வருஷக் கோபம் தீர ஒரு கோடு இழுத்தால் போதும்.

"அதை அலமாரில வெச்சதே இவருதான்," என்று இளைய அதிகாரியைக் காட்டினாள்.

கீழ்வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்தார்.

"யோசிச்சுப் பேசுங்க," என்றார் பெரியவர். "பள்ளிக்கூடச் சமையல்லதான வேலை பாக்குறீங்க? கண்ணு சரியாத் தெரியுதா?"

"உருளைக்கிழங்குல கறுப்புப் புள்ளி தெரியுதே."

பார்த்ததை அறிக்கையின் அடியில் கோணல் எழுத்தில் எழுதி, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். "எழுதிக்குங்க, ஒண்ணும் மாறாது," என்றார் பெரியவர். அவர் குரலில் கோபம்கூட இல்லை.

விலங்கு மாட்டி அழைத்துப் போகையில் ரொதியோன் அவளருகே தயங்கினார். "ரொம்ப நன்றி."

"உங்களுக்காக இல்ல. அந்தக் கட்டுரையை நான் இன்னும் மன்னிக்கல."

"தெரியும்," என்றார். "இன்னைக்கு எழுதச் சொன்னாலும் அதையேதான் எழுதுவேன்."

"எழுதுவீங்க, எழுதுவீங்க. குல்லாயைப் போட்டுக்கிட்டுப் போங்க, வெளிய குளிரு."

அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. சமையலறைக் கதவருகே, அப்போதுதான் யாரிடமோ பேசி முடித்த கைபேசியோடு தலைமையாசிரியை நின்றிருந்தாள், பேச வேண்டியதை எப்படித் தொடங்குவது என்று தெரியாதவளாக. அவளுக்குப் பின்னால், கிளற ஆளில்லாத ரவைக் கஞ்சி அடுப்பில் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.