பாப்பா டூட்டி

முதியவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்பும் அந்த ஆபீசில் ஒரு வீட்டுக்குப் போவதற்குப் பெயர் ‘பாப்பா டூட்டி.’ கிடங்கில் மூட்டை தூக்கியே உடம்பைத் தேய்த்த பெரியவர் ஒருவர் படுத்த படுக்கையாகக் கிடந்தார். நினைவு தப்பியவர், பழகின கையால் ஊட்டித் துடைத்துவிடும் பெண்களையெல்லாம் மகள் என்றே நினைத்தார். முதலில் போனவள் “நான் உங்க மக இல்லீங்க” என்று நிஜத்தைச் சொல்லிவிட்டாள். பெரியவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு, யார் எந்த வீட்டுக்குப் போவது என்று பிரித்துவிடும் அக்கா ஒரு சட்டம் போட்டாள்.

“பாப்பான்னு கூப்பிட்டா என்னப்பான்னு கேளுங்கடி. வாயில முத்தா உதிர்ந்திரும்?”

அன்றிலிருந்து யார் போனாலும் பாப்பாதான். “அக்கா, பாப்பாவுக்கு முட்டி வலி, இன்னைக்கு வேற பாப்பாவ அனுப்புங்க” என்று போனில் லீவு கேட்பார்கள். அக்கா சிரித்துக்கொண்டே ஆளை மாற்றுவாள்.

வெளிநாட்டில் வேலை பார்த்த நிஜ மகளிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. அவள் கேட்டதெல்லாம் “அப்பா சாப்பிட்டாரா?” என்பதுதான். சாப்பிட்டார்.

டாக்டர் கைவிரித்ததும் மகள் வந்து இறங்கினாள். கண்ணை மூடுவதற்குள் அப்பா ஒரு தடவையாவது தன் முகம் பார்த்து பாப்பா என்று கூப்பிட வேண்டும். வேறெதற்கும் அவள் வரவில்லை. வாசலில் நுழையும்போதே உள்ளே அந்தக் குரல் கேட்டது. “பாப்பா.” நெட்டச்சி என்று ஆபீசில் கூப்பிடும் உயரமான பெண் அவர் தாடையைத் துடைத்தபடி, “என்னப்பா?” என்றாள்.

யார் வந்தாலும் பாப்பாதான் என்று நெட்டச்சி சொன்னதைக் கேட்டு, பெட்டியை வைத்த கையோடு மகள் ஆபீசுக்குப் போனாள்.

“எங்கப்பாவுக்கு நான் ஒருத்திதான் மேடம். நீங்க எத்தன மகள அனுப்பினீங்க?”

“சாப்பிட மாட்டேன்னுட்டாரும்மா.”

“அதுக்கு? என் எடத்த எல்லாருக்கும் பிரிச்சுக் குடுத்துருவீங்களா?”

அக்கா டூட்டி நோட்டை மூடி வைத்தாள்.

“இனி யாரும் வர வேணாம். நானே பாத்துக்கறேன்.”

மறுநாள் மதியம் அவளே போன் செய்தாள். தட்டை நீட்டினால் முகத்தைத் திருப்புகிறாராம். ஈரத் துணியை மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுகிறாராம்.

“யாரு நீ, எம்மக எங்கன்னு கேக்கறாரு மேடம். தண்ணிகூட இறங்கல. அந்த உயரமானவங்கள அனுப்புங்க.”

நெட்டச்சியோடு அக்காவும் போனாள். அறையில் மூத்திர நெடி. மகளுடைய பெட்டி திறக்காமலே சுவரோரம் கிடந்தது.

“எங்க போன பாப்பா?” பெரியவர் நெட்டச்சியைப் பார்த்துக் கேட்டார்.

அவள் மகளைப் பார்த்தாள்.

“சொல்லுங்க,” என்றாள் மகள். “சாப்பிடட்டும்.”

“கடைக்குப் போயிருந்தேன்ப்பா.”

“சொல்லிட்டுப் போக மாட்டியா? இந்தப் பொம்பள நேத்துலருந்து உசுர வாங்குறா.”

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நெட்டச்சி பிசைந்து ஊட்டியதையெல்லாம் பெரியவர் சாப்பிட்டார், மீதி வைக்காமல்.

அடுத்து அவரைப் புரட்டித் துணி மாற்ற வேண்டும். ஒரு ஆளால் ஆகாது. அக்கா சேலையை இழுத்துச் செருகினாள். அதற்குள் மகள் கட்டிலின் அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

“இடுப்புக்கு அடியில கைய குடுங்க,” என்றாள் நெட்டச்சி. “முழங்கால மடக்கிக்கிட்டுத் தூக்குங்க. இல்லன்னா முதுகு பிடிச்சுக்கும்.”

மகள் கை கொடுத்தாள். எலும்பும் தோலுமாக இருந்தவர், ஆனாலும் கனத்தார். இந்தத் தடவை அவர் தட்டிவிடவில்லை. பாப்பா பக்கத்தில் இருந்தாள்.

“இது யாரு பாப்பா?”

அக்கா வாயைத் திறந்தாள். மகள் முந்திக்கொண்டாள்.

“ஆபீஸ்லருந்து வந்திருக்கேங்க. வேலைக்குப் புதுசு.”

பெரியவர் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நடுங்குதே. பயப்படாதம்மா, மொத மூட்டைக்கு எனக்கும் அப்படித்தான். கனம் பழகிரும்.”

“சரிங்க,” என்றாள் மகள்.