நீங்களே பதில் சொல்லிட்டீங்க

பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் கடகட டீச்சர். பாடம் நடத்தத் தொடங்கினால் மூச்சு விடமாட்டாள். அந்தப் பள்ளியில் அறிவியலுக்கு அவள் ஒருத்திதான். சந்தேகம் வந்தால் கலந்து பேச ஆள் கிடையாது. ஆசிரியர் அறைப் பேச்செல்லாம் விடுப்பையும் இடமாற்றத்தையும் சுற்றியே வரும். அதனால்தான் போனில் ஓர் அறிவியல் ஆசிரியர் குழுவில் சேர்ந்தாள். எங்கெங்கோ இருந்தவர்கள், ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாதவர்கள்.

சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. நாடகம் போட்டுப் பாடம் நடத்தினேன் என்று யாராவது எழுதினால், மறுநாளே இவள் வகுப்பில் நாடகம். அடுத்த வாரம் வேறொருவர் புதிர் விளையாட்டு என்றால் நாடகம் அம்போ. அடுப்படியிலும் துணி காயப்போடும் இடத்திலும் போன் கையை விட்டு இறங்காது. “அந்தக் குரூப்புக்கும் ஒரு தட்டு வச்சிடு, வந்து சாப்பிடட்டும்” என்பான் கணவன்.

இத்தனை கூத்தும் அடித்த பிறகு வந்த தேர்வில், மின்சாரப் பாடத்தில் பிள்ளைகள் வழக்கமான அதே தப்பையே செய்திருந்தார்கள். அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகள் முகம் விழாமல் கரும்பலகை மட்டும் தெரியும்படி போனை ஜன்னலில் சாய்த்து, தன் வகுப்பையே படம் பிடித்தாள். எங்கே தப்பு, சொல்லுங்கள் என்று கேட்டுக் குழுவில் போட்டுவிட்டாள்.

ஒவ்வொரு மணி அடித்ததும் போனைப் பார்த்தாள். அருமை என்றார்கள், பூப் படம் அனுப்பினார்கள். மாலையில் பென்சில் எழுதினார். கடித்துத் துப்பிய பென்சில் ஒன்றைப் படமாக வைத்திருந்ததால் அவருக்கு அந்தப் பெயர். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று குழுவே காத்துக் கிடக்கும்.

“கேள்வியெல்லாம் நல்லா இருக்கு. ஆனா பிள்ளைங்க வாயத் திறக்கறதுக்குள்ள நீங்களே பதில் சொல்லிட்டீங்க. வீடியோ முழுக்க அப்படித்தான்.”

ஊரார் முன்னால் கன்னத்தில் அறைந்தது போல் இருந்தது. போனில் குழுவின் சத்தத்தை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கணவனிடம் பொரிந்து தள்ளினாள். அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டே பொறுமையாகக் கேட்டான்.

“கோவிச்சுக்காத. டீயா காப்பியான்னு என்னைக் கேப்ப. நான் யோசிக்கறதுக்குள்ள டீயோட வந்து நிப்ப.”

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அந்த வீடியோவைத் தானே போட்டுப் பார்த்தாள். ஒரு குழந்தை ஏதோ சொல்லத் தொடங்கியிருந்தது. அதன் குரல் மேல் தன் குரல் ஏறி உட்கார்ந்திருந்தது.

மறுநாள் மேசைமேல் முதலில் ஒரு பல்பை எரியவிட்டு, பிறகு இரண்டு பல்புகளை ஒரே கம்பியில் வரிசையாக இணைத்தாள். ஒரு பல்பு மட்டும் இருந்தபோது பளிச்சென்று எரிந்தது, இரண்டானதும் ஏன் மங்கியது என்று கேட்டாள். கேட்டுவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். கையிலிருந்த சாக்பீஸ் இரண்டாக ஒடிந்தது. ஜன்னலோரத்தில் ஒரு பெண் தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“முதல் பல்பு கரண்ட்டத் தின்னுட்டு மிச்சத்ததான் அடுத்ததுக்குக் குடுக்குது டீச்சர்.”

பாதி வகுப்பு ஆமாம் என்று தலையாட்டியது. அவளுக்குப் பகீரென்றது. இத்தனை வருஷமாக இந்த எண்ணத்தின் மேல்தான் பாடத்தை ஊற்றிக்கொண்டிருந்தோமா? தப்பு என்று சொல்ல வாய் துறுதுறுத்தது. அதை அடக்கிக்கொண்டு, அப்படியானால் எந்தப் பல்பு அதிகமாக எரிய வேண்டும் என்று மட்டும் கேட்டாள். முதல் பல்புதான் என்றார்கள். கிட்டே வந்து பாருங்கள் என்றாள். இரண்டும் ஒரே மாதிரி மங்கலாக எரிந்தன. பல்புகளை இடம் மாற்றிப் பார்த்தார்கள், அப்போதும் அப்படியே. மணி அடித்தும், ஏன் என்று பிள்ளைகளுக்குள் நடந்த சண்டை ஓயவில்லை. வராந்தா வரை போனது.

அன்றே பென்சிலுக்குத் தனியாக எழுதினாள். நடந்ததையெல்லாம் சொல்லி நன்றியும் சொன்னாள். கடைசியில், எப்படித்தான் தோன்றியதோ, “உங்க வகுப்ப ஒரு தடவ எனக்குக் காட்டுவீங்களா?” என்று சேர்த்துவிட்டாள்.

பதில் இல்லை. நாட்கள் போயின. அதிகப்பிரசங்கித்தனமாகக் கேட்டுவிட்டோமோ என்று அவள் புழுங்கினாள். ஒரு நாள் பள்ளி விட்டுப் பேருந்தில் வரும்போது வீடியோ வந்தது. கூடவே ஒரு வரி: “இதுவரைக்கும் யாரும் என்கிட்ட கேட்டதே இல்ல. காட்ட எனக்கும் தைரியம் வரல.”

இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு பார்த்தாள். பென்சில் இவளைவிட மூத்த ஒரு பெண்; நிதானமாகக் கேட்டார், அழகாகக் காத்திருந்தார். ஆனால் பதில் வந்ததெல்லாம் முன் வரிசையிலிருந்து. பின்னாலிருந்து ஓயாத பேச்சும் சிரிப்பும் கேட்டுக்கொண்டே இருந்தன. அவர் அந்தப் பக்கம் ஒரு முறைகூடப் போகவில்லை.

அருமை என்று அடித்தாள், அழித்தாள். பிறகு, “பின் பெஞ்சுப் பக்கம் நீங்க போகவே இல்லக்கா” என்று எழுதினாள். அக்கா என்பது தானாக வந்து விழுந்தது.

“தெரியும்மா. அவங்க கிட்ட போக எனக்குப் பயமா இருக்கு. என்ன செய்யலாம் சொல்லு.”

குழுவில் யாரோ எழுதியதை எடுத்து நீட்ட அவளுக்கு மனம் வரவில்லை. “அவங்களப் பத்திச் சொல்லுங்கக்கா, யார் யாரு?” என்று கேட்டாள். பென்சில் ஒவ்வொரு பிள்ளையாக எழுத ஆரம்பித்தார். படித்துக்கொண்டே போனதில் இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போயிருந்தது.