ஒரு மேசைக்கு அளவு

கொரட்டூர் ஏரிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து தினேஷுக்கு ஒரே கனவு, வீட்டுக்குள் தனக்கென்று ஓர் ஆபீஸ் அறை. கம்பெனி வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லியிருந்தது. சின்ன அறையைத் தானே எடுத்துக்கொண்டான். ஜன்னல் வெளிச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும், வீடியோ காலில் பின்னால் எந்தச் சுவர் தெரிய வேண்டும் என்று ஒரு மாதமாக மண்டையை உடைத்துக்கொண்டான். அதில் பாதியை வேலையில் காட்டியிருந்தால் பதவி உயர்வே கிடைத்திருக்கும்.

அன்று காலை பதினொரு மணிக்கு அளவெடுக்கத் தச்சர் பூபாலன் வந்தார். தினேஷை நாற்காலியில் உட்காரவைத்து முழங்கை உயரம் பார்த்தார். பாதம் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்த்தார். கல்யாணக் கோட்டுக்குக்கூட அவனை யாரும் இவ்வளவு அக்கறையாக அளந்ததில்லை. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

"மேசை முழங்கைக்கு நேரா இருக்கணும் சார். ஒசந்தா கழுத்து பூடும்," என்ற பூபாலன், சமையலறைப் பக்கம் திரும்பினார். "அக்காவும் கம்ப்யூட்டர்லதான வேலை பார்த்துகினு கீறாங்க? அவங்களுக்கு எங்க சார்?"

சமையலறையில் தினேஷின் மனைவி மோகனப்பிரியா, பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து, மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள். மருத்துவமனை ரிப்போர்ட்டுகளைப் படித்து, நோய்க்கு ஏற்ற குறியீட்டைப் போடும் வேலை. மூன்று வருடமாக அதே ஸ்டூல். கழுத்துக்கு பெல்ட் போட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது.

"அவளுக்கு எதுக்குங்க? டைம்பாஸுக்குப் பண்றா. அந்த மேடையே போதும்," என்றான் தினேஷ், கொஞ்சம் சத்தமாகவே.

சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றது. லேப்டாப்பிலிருந்து ஒரு பெண்ணின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "மேம்... உங்க மைக் ஆன்ல இருக்கு."

"தெரியும் நிவேதிதா. நான்தானே பேசிட்டிருந்தேன்," என்றாள் மோகனப்பிரியா. "இருபத்திரண்டு பேரும் கேட்டாச்சு இல்ல? அஞ்சு நிமிஷம் பிரேக் எடுத்துட்டு வாங்க. ஏழாவது பக்கத்திலிருந்து பார்க்கலாம்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதுதான் தினேஷைக் கொன்றது. இருபத்திரண்டு பேர்! போன தீபாவளிக்கு முன்னால் "என்னை டீம் லீடா போட்டிருக்காங்க" என்று அவள் வந்து சொன்னாள். காதில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றாமலே கட்டைவிரலைக் காட்டி அனுப்பிவைத்தவன் இவன்தான். இப்போது காது மடல் சுட்டது. பூபாலனோ வெறும் சுவரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் முன்னால் நிற்கவே தினேஷுக்குக் கூசியது. எங்கேயாவது போய் ஒளிந்துகொள்ளலாம் என்றால், ஒளிய இருந்த ஒரே அறையில்தான் நின்றுகொண்டிருந்தான்.

"ரெண்டு மேசையா போட்டுடுங்க," என்றான் அவசரமாக. "பின்னாடி சுவத்துக்குச் சொல்லியிருந்த அலமாரி வேணாம். ஜன்னல் பக்கத்தை அவளுக்கே குடுத்துடுங்க." சொன்ன சொல்லைப் பலகை வைத்து மூடிவிடலாம் என்று நினைத்தான் போலிருக்கிறது.

பூபாலன் நோட்டைப் பிரித்தார். "சரி சார். அக்கா மௌஸை எந்தக் கைல புடிப்பாங்க? அத வெச்சுத்தான் டிராயர் எந்தப் பக்கம்னு போடணும்."

தினேஷ் வாயைத் திறந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடம். தண்ணீர் குடிக்க ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த ஸ்டூலைத் தாண்டிப் போகிறவன். எவ்வளவு யோசித்தும் அவளுடைய முதுகுதான் நினைவுக்கு வந்தது, கை வரவில்லை.

"வலது கைதான்," என்றான் ஒப்புக்கு.

மோகனப்பிரியா அறை வாசலில் வந்து நின்றாள். கோபமாக இருந்திருந்தால்கூட அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். அவனைப் பார்க்காமல் பூபாலனைப் பார்த்துச் சொன்னாள்.

"அவரைக் கேட்டு எழுதாதீங்கண்ணா. அவருக்குத் தெரியாது."