லைட்டை அணைத்தவன்

கம்பெனி பஸ்ஸில் லைட்டை அணைத்தேன். நான் செய்த குற்றம் அவ்வளவுதான். அதற்கு என்னைக் கொலைகாரன் ஆக்கிவிட்டார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து ஒரகடத்துக்குப் பெண்பிள்ளைகளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போகிற பஸ் என்னுடையது. என்னுடையது என்றால் முதலாளியுடையது, ஸ்டியரிங் மட்டும் என்னுடையது. இருட்டோடு எழுந்து முதல் ஷிப்டுக்குப் போகிற பிள்ளைகள். நாள் முழுக்க அசெம்பிளி லைனில் நின்றுகொண்டே வேலை. சீட்டில் உட்கார்ந்ததும் தலை தொங்கிவிடும். கண்ணுக்கு நேரே ட்யூப்லைட் எரிந்தால் எப்படித் தூங்கும்? கடைசி ஸ்டாப்பிங்கில் ஆள் ஏறியதும் உள்லைட்டை அணைத்துவிடுவேன். கம்பெனி கேட்டில் நிறுத்தி மறுபடி போட்டால் எல்லாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கும். யாரும் சொல்லிச் செய்ததில்லை. வருஷக்கணக்காக அதுதான் வழக்கம்.

முதலாளி ஒரு முறை பஸ்ஸை என்னோடு சேர்த்து ஷூட்டிங்குக்கு வாடகைக்கு விட்டார். 'ஏழாம் நம்பர் ஸ்டாப்பிங்' என்று எல்லோரும் போனில் பார்க்கிற தொடர். கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் காணாமல் போகிறார்கள். கொலை செய்கிறவன் யார் என்பதுதான் கதை. அந்த டைரக்டர் ஒரு நாள் காலை டிரிப்பில் கூடவே வந்தார். நான் லைட்டை அணைத்ததும், "ஏண்ணா ஆஃப் பண்றீங்க?" என்றார்.

"பொண்ணுங்க தூங்கட்டும் சார்."

"சூப்பர்ணா" என்று தோளைத் தட்டினார். அந்தக் கையை அன்றைக்கே முறித்து அனுப்பியிருக்க வேண்டும்.

இரண்டாம் சீசனின் கடைசிக் காட்சி என்ன தெரியுமா? என் பஸ். கண்ணாடியில் நான் ஒட்டி வைத்த முனீஸ்வரன். நான் போட்டிருப்பது மாதிரியே செப்புக் காப்பு போட்ட ஒரு கை மேலே போய் லைட்டை அணைக்கிறது. இருட்டில் ஒரு பெண் அலறுகிறாள். அத்தோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சம் கடைசி சீசனில் வருமாம்.

கடைசி சீசன் வரும்வரை இவர்கள் சும்மா இருப்பார்களா? கவிப்பிரியா என்று ஒரு பெண், இரண்டாவது ஸ்டாப்பிங்கில் ஏறுகிறவள், இதற்கென்றே வாட்ஸப்பில் ஒரு குரூப் ஆரம்பித்தாள். ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பஸ் முழுக்க இதே பேச்சுத்தான். கதையில் வருகிற இன்ஸ்பெக்டரம்மாவின் புருஷன்தான் என்பாள் ஒருத்தி. ஹாஸ்டல் வார்டன், சாவி அவள் இடுப்பில்தானே இருக்கிறது என்பாள் இன்னொருத்தி. கடைசியில் எல்லாம் ஒரே இடத்தில் வந்து நிற்கும்.

"நீங்கதாண்ணா கொலைகாரன். லைட்ட அணைக்கிற கை உங்க கைதான்" என்றாள் கவிப்பிரியா.

"ஆமாம்மா, மொதல்ல உன்னத்தான்" என்று நானும் சிரித்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்.

பிறகு சிரிப்பு நின்றுபோயிற்று. ஒரு நாள் காலையில் லைட்டை அணைத்ததும் பின் சீட்டில் ஒரு போன் டார்ச் எரிந்தது. மறுநாள் பஸ் முழுக்க டார்ச். எவளும் தூங்கவில்லை. என் முதுகில் வெளிச்சம் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாச்சியார் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், ஏரிக்குப் பின்னால் ரூம் எடுத்துத் தங்கியிருந்தாள். முதல் ஸ்டாப்பிங்கில் அவள் ஒருத்திதான் ஏறுவாள். ஏரிக்கரை தாண்டும்வரை வண்டியில் அவளும் நானும் மட்டும். "அண்ணாச்சி, தூங்குதேன், கேட்டுல எழுப்பி விடுங்க" என்று சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் உள்ள சீட்டில் சாய்ந்துவிடுவாள்.

ஒரு நாள் ஸ்டாப்பிங்கில் அவள் இல்லை. லீவு போலிருக்கிறது என்று வண்டியை எடுத்தேன். ஏரிக்கரை வளைவில் ஹெட்லைட் வெளிச்சத்தில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். அவள்தான். பிரேக் அடித்துக் கதவைத் திறந்தேன்.

"இன்னாம்மா நடந்து போற? ஏறு."

"இல்ல அண்ணாச்சி. அடுத்த ஸ்டாப்பிங்ல எல்லாரோடயும் ஏறிக்கிடுதேன்."

"ஏன்?"

அவள் என் காப்பைப் பார்த்தாள்.

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "லாரிக்காரன் கண்ணு மண்ணு தெரியாம வர்ற ரோடு. நாய் வேற கும்பலா கீது. அதுக்கெல்லாம் பயமில்ல, என்னப் பாத்து பயந்துகினு நடக்கிறியா? அறிவு கீதா உனக்கு?" என்று கத்தினேன். அவள் அழுதாள். அழுதுகொண்டே நடந்தாள். ஏறவில்லை.

அவளை அந்த இருட்டில் விட்டுவிட்டு எப்படிப் போவது? முதல் கியரில் போட்டு, வெளிச்சம் அவள் காலடியில் விழுகிற மாதிரி பின்னாலேயே ஊர்ந்தேன். மறுநாளும் அவள் நடந்தாள், மறுநாளும் ஊர்ந்தேன். இரண்டாவது ஸ்டாப்பிங்கில் நின்றுகொண்டிருந்த கவிப்பிரியா அதைப் போனில் படம் பிடித்து, தொடரில் வருகிற பயமுறுத்தும் மியூசிக்கைச் சேர்த்து குரூப்பில் போட்டுவிட்டாள். பெண்ணுக்குப் பின்னால் ஊர்ந்து வருகிற பஸ். வேறென்ன சாட்சி வேண்டும்?

டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் வெங்கடேசன் கூப்பிட்டார். "கன்னியப்பா, நீ நல்லவன்னு எனக்குத் தெரியும்."

"அப்புறம் இன்னா சார்?"

"பொண்ணுங்க கம்ப்ளைன்ட் குடுத்துகிறாங்க. கடைசி சீசன் வர்ற வரைக்கும் ஆம்பளைங்க பஸ்ஸ ஓட்டு."

"அதுல டிரைவர்தான் கொலைகாரன்னு வந்தா?"

வெங்கடேசன் யோசித்தார். சத்தியமாக யோசித்தார். அந்த மேஜையைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன், பெண்டாட்டி பிள்ளை நினைவு வந்ததால் விட்டேன்.

வீட்டுக்கு வந்தால் பெண்டாட்டி அம்சவல்லி, "அந்தக் காப்பக் கயட்டித் தொலையேன்யா" என்றாள்.

"எங்கப்பன் போட்டுவிட்ட காப்பு. எவனோ நாடகத்துல போட்டான்னு நான் கயட்டணுமா?" என்றேன். அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஒருவழியாகக் கடைசி சீசன் வந்தது. கொலைகாரன் இன்ஸ்பெக்டரம்மாவின் புருஷனாம். டிரைவர் தங்கமான மனுஷனாம். ஒரு பெண்ணைக் காப்பாற்றப் போய்க் கத்திக்குத்து வாங்கிச் சாகிறானாம். சாகும்போது, எதற்காக லைட்டை அணைத்தாய் என்று கேட்கிறார்கள். "பொண்ணுங்க தூங்கட்டும்னுதான்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடுகிறானாம். என் வாயிலிருந்து எடுத்த வார்த்தை. ஆரம்பத்திலேயே அந்த டைரக்டருக்குத் தெரியும். முன்னாலேயே சொன்னால் சஸ்பென்ஸ் போய்விடும் என்று மடியில் முடிந்து வைத்திருந்தான். அவன் முடிந்து வைத்திருந்த காலமெல்லாம் நான் கொலைகாரனாக இருந்தேன்.

வெங்கடேசன் சிரித்துக்கொண்டே பழைய ரூட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலை முதல் ஸ்டாப்பிங்கில் யாரும் இல்லை. ஏரிக்கரை வளைவில் நாச்சியார் நடந்து போய்க்கொண்டிருந்தாள். நிறுத்தினேன்.

"கத முடிஞ்சிதாம்மா? நான் இல்லன்னு சொல்லிட்டாங்கல்ல?"

"நானும் பாத்தேன் அண்ணாச்சி. அழுதேன்."

"அப்புறம் இன்னா, ஏறு."

அவள் படிவரைக்கும் வந்தாள். கம்பியைப் பிடித்தாள். விட்டுவிட்டாள். "புத்திக்குத் தெரியுது. கால் ஏற மாட்டேங்கு. நான் என்ன செய்ய?"

"நடுவுல வந்த டிரைவர் வண்டியிலாவது ஏறுனியா?"

"இல்ல. அப்பவும் நடந்துதான் போனேன். அவரு நிக்காமப் போயிருவாரு. இருட்டாத்தான் இருக்கும்."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டுவாங்க வேண்டியவன் எங்கேயோ ஏசி ரூமில் அடுத்த கதைக்கு உட்கார்ந்திருப்பான். முதல் கியரில் போட்டேன். அவள் முன்னால் நடந்தாள், நான் பின்னால் ஊர்ந்தேன்.

இரண்டாவது ஸ்டாப்பிங்கில் கவிப்பிரியா ஸ்வீட் பாக்ஸோடு நின்றாள். "சாரிண்ணா. நீங்க எவ்ளோ நல்லவருண்ணா. கடைசி எபிசோட் பாத்துட்டு எல்லாரும் உங்களுக்காக அழுதோம்."

"செத்தது நானா? இத்தினி வருசம் உங்கள ஏத்தினு போயி ஏத்தினு வந்தனே, அப்ப தெரியலியா? எவனோ நாடகத்துல சொன்னாத்தான் நான் மனுசனா?"

அவள் முகம் சுருங்கிப்போயிற்று. ஸ்வீட் பாக்ஸைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு, "ஏண்ணா இன்னிக்கு லேட்டு?" என்றாள்.

"நீங்கதான் எல்லாத்தையும் கண்டுபுடிப்பீங்களே. இதையும் கண்டுபுடிங்க."

ஹெட்லைட் வெளிச்சத்தில் வேர்க்க விறுவிறுக்க நின்றிருந்த நாச்சியாரைக் கவிப்பிரியா அப்போதுதான் பார்த்தாள். எல்லோரும் ஏறும்வரை ஒதுங்கி நின்ற நாச்சியார் கடைசியாக ஏறிப் பின் சீட்டுக்குப் போனாள். ஸ்வீட்டை யாரும் பிரிக்கவில்லை. கேட் வரும்வரை நான் லைட்டை அணைக்கவில்லை.