சிறுத்தை அறையின் இரண்டு பட்டன்கள்

எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் அளவுகோல். திரையில் எல்லாம் ஒரே அகலத்தில் இருந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மிருகக்காட்சிசாலைக் கதவுகளுக்காக நான் செய்த அட்டவணையில் வரிசைக்கு ஒரு பட்டன். அழுத்தினால் அந்தக் கதவு திறக்கும். கதவின் பெயர் பட்டன் மேலேயே இருக்கும். அளவுகோல் எழுத்தைத் தடிமனாக்கினார், பட்டனின் அகலத்தைக் குறைத்தார். மவுசை வைத்தால் முழுப்பெயர் தெரிவதுகூட அசிங்கமாம், அதையும் எடுத்துவிட்டார். பெயர் பாதியில் வெட்டுப்படும் என்று நான் தொண்டை வற்றக் கத்தினேன். காதில் போட்டுக்கொண்டால்தானே!

திரை ஓடத் தொடங்கிய முதல் நாள். கட்டுப்பாட்டு அறையில் நான், அளவுகோல், பட்டன்களைக் கையாளும் அக்கா. கேமராவில் என் வீட்டுக்காரர். அங்கே அவர்தான் சிறுத்தைக் காப்பாளர்.

சிறுத்தை அறையின் உள்கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழவில்லை என்று, இரண்டு கதவுகளுக்கும் நடுவிலிருந்த சந்துக்குள் போயிருந்தார். பின்னால் வெளிக்கதவு தானாகச் சாத்திக்கொண்டது. அதைச் சாவி போட்டும் திறக்கலாம், ஆனால் வெளிப்பக்கம் இருந்துதான். சாவியோ அவர் இடுப்பில். உள்கதவைச் சிறுத்தை முட்ட, இவர் தோள் கொடுத்து நின்றார்.

"அக்கா, வெளிக்கதவத் திறங்க, சீக்கிரம்!" வாக்கிடாக்கி அலறியது.

திரையில் மேலே ஒரு "சிறுத்தை அறை – …". கீழே இன்னொரு "சிறுத்தை அறை – …". தடித்த எழுத்தில், ஒரே அகலத்தில், அவ்வளவு அழகாக.

"இதுல எதும்மா வெளிக்கதவு?" அக்காவின் விரல் இரண்டு பட்டன்களுக்கும் நடுவில் நின்றது.

"தொடாதீங்க!" என்றேன். மாற்றி அழுத்தினால் சிறுத்தை அவர் மேலேதான் பாயும்.

"அகலத்தக் கூட்டிடலாமா?" என்றார் அளவுகோல். முகத்தில் ஈயாடவில்லை.

"அது பத்து இடத்துல மாத்தணும் சார். கொஞ்சம் வாய மூடுங்க."

நிரலில் பட்டன் வாசகம் அமையும் வரியைத் திறந்தேன். முதலில் அறை, பிறகு கதவு என்றிருந்ததைப் புரட்டிப்போட்டேன்: முதலில் கதவு, பிறகு அறை. வெட்டினால் அறையின் பெயர் வெட்டுப்படட்டும். அனுப்பினேன். திரை வெளுத்துச் சுற்றிக்கொண்டே இருந்தது. கேமராவில் அவர் கால் வழுக்கியது, மறுபடி ஊன்றினார்.

"உள்கதவு – சிறு…" "வெளிக்கதவு – சிறு…"

"நீயே அழுத்தும்மா," என்று அக்கா நாற்காலியை விட்டு எழுந்தாள். வாய்விட்டுப் படித்தேன். இன்னொரு தரம் படித்தேன். அழுத்தினேன்.

வெளிக்கதவு நகர்ந்தது. அவர் பாய்ந்து வெளியே வந்து, அதை இழுத்துச் சாத்திவிட்டு, தரையிலேயே உட்கார்ந்தார்.

"ஏங்க்கா, ஒரு பட்டன அழுத்த இவ்ளோ நேரமா? தூங்கிட்டீங்களா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாக்கிடாக்கியை அளவுகோலின் கையில் திணித்தேன். "கேக்கறாரில்ல, சொல்லுங்க."

"தம்பி… பட்டன்ல எழுத்து வெட்டுப்பட்டுப்போச்சு. என்னாலதான்."

"எந்த எழுத்து சார்?"

"வெளிக்கதவுங்கற பேரு."

"என் பொண்டாட்டி அங்க இருக்காளா?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.